ஆஃப்-ரோடு வண்டியில் கம்பெனி சப்வூஃபரும் ஆம்ப்பும் மாற்றியது: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வண்டி, லேடர் ஃபிரேம் மேல் உட்கார்ந்திருக்கும் ஃபோர் வீல் டிரைவ். கூரையைத் துண்டு துண்டாகக் கழற்றி வைக்கலாம். முன் பம்பரில், சிக்கிய வண்டியைக் கயிற்றால் இழுக்கும் வின்ச். சேற்றுக்கான தடித்த பட்டன் டயர்கள். உள்ளே விரிப்பை எடுத்துவிட்டு ஹோஸ் பிடித்துக் கழுவி, தரையில் உள்ள அடைப்புகளைத் திறந்து தண்ணீரை வடியவிடும் வகை. உரிமையாளர் இதை வார நாட்களில் வேலைக்கும், விடுமுறைகளில் பாறைத் தடங்களுக்கும் ஓடைகளுக்கும் ஓட்டுபவர்.

ஒலி அமைப்பு கம்பெனியில் இருந்தே சற்று உயர்ந்த ரகம். டாஷ்போர்டில் பாட்டை ஓட்டும் ஹெட் யூனிட், முன் சீட்டுக்கு அடியில் அதன் சிக்னலைப் பெரிதாக்கும் தனி ஆம்ப், கதவுகளிலும் மேல் கம்பியிலும் ஸ்பீக்கர்கள், டிக்கியின் இடது ஓரத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பெட்டிக்குள் 8 அங்குல சப்வூஃபர், அதாவது தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர். வண்டி வாங்கியபோது அவருக்கு இதில் குறையே தெரியவில்லை. டயரை மாற்றிய பிறகுதான் தெரிந்தது. பட்டன் டயரின் உறுமலும், நிமிர்ந்து நிற்கும் முன் கண்ணாடியில் மோதும் காற்றின் இரைச்சலும் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில்தான் இருக்கும். பாட்டில் பேஸ், அதாவது அடித்தொனி, இருக்கும் இடமும் அதுதான். இரைச்சல் ஏறினால் முதலில் காணாமல் போவது பேஸ்.

எங்களிடம் வருவதற்கு முன்பே அவர் இரண்டு வேலைகள் செய்து முடித்திருந்தார். கம்பெனி பெட்டியைத் திறந்து, பழைய 8 அங்குல ஸ்பீக்கரை எடுத்துவிட்டு, வெளியில் வாங்கிய, ஆழம் குறைந்த 8 அங்குல சப்வூஃபர் ஒன்றைப் பொருத்தினார். நல்ல சரக்கு: பாலிப்ரொப்பிலீன் கூம்பு, ரப்பர் விளிம்பு, கூம்பை அசைக்கும் கம்பிச் சுருள்களான வாய்ஸ் காயில்கள் இரண்டு, ஒவ்வொன்றும் 4 ஓம், தொடர்ந்து 250 வாட் தாங்கும். ஒலி கூடவில்லை, குறைந்தது. அடுத்து, 2 ஓமில் 300 வாட் தரும் ஒற்றைச் சேனல் ‘கிளாஸ் டி’ ஆம்ப் ஒன்றை வாங்கி, கம்பெனி ஆம்ப்பிலிருந்து சப்வூஃபருக்கு வந்த ஒயரையே அதன் உள்ளீட்டில் கொடுத்தார். இப்போது மெதுவாக வைத்தால் ஒரே ஒரு சுருதியில் ‘பூம் பூம்’ என்று இடித்தது. நெடுஞ்சாலையில் வால்யூமைக் கூட்டினால் பேஸ் மட்டும் பின்வாங்கியது.

12 அங்குல சப்வூஃபரும் அதற்கேற்ற பெரிய ஆம்ப்பும் போட்டுத் தர வேண்டும் என்று கேட்டு வந்தார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. இரண்டு முறை செலவு செய்தும் பலன் இல்லாதவர், மூன்றாவது முறை பெரிதாகப் போகத்தான் நினைப்பார். ஆனால் எதனால் குறைகிறது என்று தெரியாமல் பெரிதாக்கினால், குறையும் சேர்ந்து பெரிதாகும். எதையும் வாங்கும் முன் இருப்பதை அளந்து பார்க்கலாம் என்று சொன்னோம். ஒப்புக்கொண்டார்.

அளந்தபோது தெரிந்தவை

முதலில் மல்டிமீட்டர். சப்வூஃபரின் முனைகளில் வைத்தால் 7 ஓம் காட்டியது. கழற்றி வைத்திருந்த கம்பெனி ஸ்பீக்கர் 1.7 ஓம். மீட்டர் காட்டுவது ரக எண்ணை விடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். அதாவது பழையது 2 ஓம் ரகம், புதியதன் இரண்டு காயில்களும் தொடராக இணைக்கப்பட்டு 8 ஓம் ஆகிவிட்டிருந்தன. ஓம் குறைந்தால் ஆம்ப் எரிந்துவிடும் என்ற பயத்தில் அப்படி இணைத்திருக்கிறார். மின்னழுத்தம் அதேயாக இருந்து மின்தடை நான்கு மடங்கானால் போய்ச் சேரும் வாட் நான்கில் ஒன்று, டெசிபெலில் சொன்னால் 6 குறைவு. முதல் மாற்றத்தில் ஒலி ஏன் குறைந்தது என்பதற்கு இதுவே போதுமான விடை. அதே இணைப்போடுதான் புதிய ஆம்ப்பும் வேலை செய்துகொண்டிருந்தது. 2 ஓமில் 300 வாட் தரும் ஆம்ப், 8 ஓமில் 75 வாட் அளவில்தான் நிற்கும்.

அடுத்து பெட்டி. தண்ணீர் ஊற்றி அளந்தால் கம்பெனி பெட்டியின் உள் கொள்ளளவு சுமார் 5 லிட்டர். ஒரு ஸ்பீக்கர் எந்த அளவு பெட்டியில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கணக்குப் போட, நெவில் தீல், ரிச்சர்ட் ஸ்மால் என்ற இருவர் 1960, 70களில் ஆஸ்திரேலியாவில் இருந்து வகுத்துக் கொடுத்த அளவுருக்கள் உண்டு. வெளியில் விற்கும் பெரும்பாலான சப்வூஃபர்களின் கையேட்டில் அவை அச்சிட்டிருக்கும். இந்த ஸ்பீக்கரின் கையேட்டில் இயல்பு அதிர்வு 38 ஹெர்ட்ஸ், மொத்த Q (அந்த அதிர்வில் கூம்பு எவ்வளவு அடங்காமல் ஆடும் என்பதைச் சொல்லும் எண்) 0.5, அதன் தொங்கலின் இளக்கத்துக்குச் சமமான காற்று 14 லிட்டர். மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்று ஒரு ஸ்பிரிங் போலக் கூம்பைத் தள்ளும். பெட்டி சிறிதானால் ஸ்பிரிங் விறைக்கும். 5 லிட்டரில் கணக்குப் போட்டால் அதிர்வு 74 ஹெர்ட்ஸுக்கு ஏறுகிறது, Q ஒன்றை நெருங்குகிறது. அதற்குக் கீழே ஒலி ஒரு ஆக்டேவுக்கு, அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும், 12 டெசிபெல் வீதம் சரியும். 74-ஐச் சுற்றி ஒரு புடைப்பு, கீழே சரிவு. அவர் கேட்ட ‘பூம் பூம்’ இதுதான். ஸ்பீக்கரில் ஒரு குறையும் இல்லை.

மூன்றாவதாக சிக்னல். எங்களுக்கு அதிகம் சொன்னது இந்த அளவீடுதான். 40 ஹெர்ட்ஸிலும் 80 ஹெர்ட்ஸிலும் ஒரே அளவில் பதிவான சோதனைத் தொனிகளை ஓடவிட்டு, வால்யூமை ஒவ்வொரு படியாக ஏற்றி, கம்பெனி ஆம்ப்பின் சப்வூஃபர் வெளியீட்டில் மின்னழுத்தத்தைக் குறித்துக்கொண்டே வந்தோம். பாதி வால்யூம் வரை இரண்டும் சேர்ந்தே ஏறின. அதற்கு மேல் 80 ஹெர்ட்ஸ் தொடர்ந்து ஏறியது, 40 ஹெர்ட்ஸ் நின்றுவிட்டது. இன்னும் ஏற்றினால் 40 ஹெர்ட்ஸ் இறங்கவே தொடங்கியது. பிறகு அதே சோதனையைக் கம்பெனி ஆம்ப்பின் உள்ளீட்டில், ஹெட் யூனிட்டில் இருந்து வரும் ஒயர்களில் செய்தோம். அங்கே இரண்டும் கடைசிப் படி வரை சமமாக ஏறின. ஆக, பேஸைக் குறைப்பது ஹெட் யூனிட் அல்ல, கம்பெனி ஆம்ப்புக்குள் இருக்கும் சிக்னல் பிராசசர்.

இதைக் கம்பெனியின் கஞ்சத்தனம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே சத்தத்தைப் பாதி அதிர்வெண்ணில் எழுப்ப, கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். 80 ஹெர்ட்ஸில் 2 மில்லிமீட்டர் போதும் என்றால் 40-இல் 8 வேண்டும். சின்னப் பெட்டியில் இருக்கும் சின்ன ஸ்பீக்கர், முழு வால்யூமில் அந்த ஓட்டத்தைத் தாங்காமல் கிழிந்துவிடும். அதனால் வால்யூம் ஏற ஏறத் தாழ்ந்த ஒலியை மெல்ல வெட்டிவிடுகிறார்கள். கம்பெனி ஸ்பீக்கருக்கு இது சரியான பாதுகாப்பு. ஆனால் அந்த ஸ்பீக்கர் இப்போது வண்டியிலேயே இல்லை, அதற்காகப் போட்ட வேலி மட்டும் நிற்கிறது. புதிய ஆம்ப் அந்த வேலிக்கு வெளியே கிடைத்த மிச்சத்தைத்தான் பெரிதாக்கிக்கொண்டிருந்தது. 12 அங்குலம் போட்டிருந்தாலும் அதே மிச்சம்தான் அதற்கும் போயிருக்கும்.

கடைசியாக மின்சாரம். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.9 வோல்ட். அதே நேரம், தொனி ஓடும்போது ஆம்ப்பின் முனையில் ஒரு வோல்ட் குறைவு. ஒயரின் நுனியைச் சுரண்டியபோது காரணம் தெரிந்தது: வெளியே செம்பு நிறம், உள்ளே வெள்ளி நிறம். செம்பு முலாம் பூசிய அலுமினிய ஒயர், அதற்கு மேல் தடித்த பிளாஸ்டிக் உறை. அதே தடிமன் செம்பு ஒயரை விட இதன் மின்தடை ஒன்றரை மடங்குக்கும் மேல். வண்டியின் பாடியோடு சேர வேண்டிய எர்த் ஒயரை சீட்டின் காலில் பெயிண்டுக்கு மேலேயே முறுக்கியிருந்தார்கள். பிரதான ஃபியூஸ் ஆம்ப்புக்குப் பக்கத்தில் இருந்தது, பேட்டரிக்குப் பக்கத்தில் இல்லை. இந்தக் கடைசி விஷயம் ஒலித் தரத்தைப் பற்றியது அல்ல, தீ பற்றியது. ஒயர் வழியில் எங்காவது உரசி உறை கிழிந்து பாடியில் பட்டால், அந்த ஃபியூஸ் எதையும் தடுக்காது. பாறையில் குலுங்கும் வண்டியில் இது எப்போதாவது நடக்கக்கூடியது என்று விட்டுவைக்க முடியாது. எனவே மற்ற எதையும் பேசுவதற்கு முன் அந்த ஒயரைப் பேட்டரியில் இருந்து கழற்றி வைத்தோம்.

எடுத்த முடிவுகள், அவற்றின் காரணங்கள்

12 அங்குலம் வேண்டாம் என்பது முதல் முடிவு. அதற்குக் குறைந்தது இருமடங்கு பெரிய பெட்டி வேண்டும். டிக்கியில் அந்த இடத்தில் இழுவைக் கயிறு, ஷாக்கிள், ஜாக் எல்லாம் இருக்கின்றன. தடத்தில் சிக்கிக்கொண்டால் முதலில் கைக்கு வர வேண்டியவை அவை. உரிமையாளரிடம் கணக்கைக் காட்டினோம். அவர் ஏற்கனவே வாங்கிய 8 அங்குலத்தையே 14 லிட்டர் பெட்டியில் வைத்தால் Q 0.7-க்கு வருகிறது, அதிர்வு 54 ஹெர்ட்ஸுக்கு இறங்குகிறது. மூடிய பெட்டியில் சமதளமாக ஒலிக்க 0.7 என்பது பலரும் குறிவைக்கும் எண். காயில்களை இணையாக இணைத்தால் 2 ஓம், ஆம்ப் தன் முழு வாட்டையும் தரும். வாங்கிய ஸ்பீக்கரும் ஆம்ப்பும் வீணாகவில்லை என்று தெரிந்ததும் அவர் முகம் மாறியது. அதற்குப் பிறகு அவரே கேள்விகள் கேட்கத் தொடங்கினார். வேலை எளிதானது.

துளை வைத்த பெட்டியும் பேச்சில் வந்தது. அது இன்னும் சத்தம் தரும் என்பது உண்மை. ஆனால் துளையின் சுருதிக்குக் கீழே கூம்புக்குக் காற்றின் பிடி விட்டுப்போகும், ஓட்டம் எகிறும். சேறும் மணலும் துளை வழியாக உள்ளே போகும். இந்த வண்டிக்கு மூடிய பெட்டிதான் என்று தீர்மானித்தோம்.

கம்பெனி ஆம்ப்பைத் தூக்கிவிடுவதா வைத்துக்கொள்வதா என்பதில்தான் அதிகம் யோசித்தோம். தூக்கிவிட்டால் கதவு ஸ்பீக்கர்களையும் நாமே ஓட்டலாம், ஒலியைத் தரையிலிருந்து புதிதாகக் கட்டலாம். ஆனால் பின்னால் நகரும்போது வரும் எச்சரிக்கை ஒலி, சீட் பெல்ட் மணி, போன் பேச்சு எல்லாம் அந்த ஆம்ப் வழியாகத்தான் வருகின்றன. பாறைகளுக்கு நடுவே வண்டியைத் திருப்பும்போது பார்க்கிங் சென்சாரின் ஒலி வேண்டும். அதனால் அது இருக்கட்டும், கதவுகளை அதுவே ஓட்டட்டும், சப்வூஃபருக்கான சிக்னலை மட்டும் அதற்கு முன்னாலேயே பிரித்து எடுக்கலாம் என்று முடிவானது. ஹெட் யூனிட்டின் வால்யூமுக்கு ஏற்ப அந்த சிக்னலும் ஏறி இறங்கும் என்பதால் தனிக் குமிழைத் திருகிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஆம்ப்பின் இடத்தையும் மாற்றினோம். சீட்டுக்கு அடியில் வைத்திருந்த புதிய ஆம்ப், ஓடையில் தண்ணீர் உள்ளே வந்தால் முதலில் நனைவது. டிக்கியின் பக்கச் சுவரில், சக்கர வளைவுக்கு மேலே, ஒயர் முனைகள் கீழ்நோக்கி இருக்குமாறு செங்குத்தாக வைப்பது என்று முடிவு செய்தோம். வெப்பம் மேலே போகும், தண்ணீர் கீழே சொட்டும்.

வேலை நடந்த விதம்

பெட்டியை மரைன் பிளைவுட்டில் செய்தோம். வழக்கமாகப் பெட்டிக்கு எம்டிஎஃப் பலகைதான் போடுவார்கள். அது கனமானது, அடர்த்தியானது, ஒலிக்கு நல்லது. ஆனால் ஈரம் பட்டால் ஊதி உதிரும். மூலைகளை எபாக்ஸியால் அடைத்து, வெளியே லாரித் தொட்டிகளுக்கு அடிக்கும் பூச்சு அடித்தோம். ஸ்பீக்கரின் காந்தம் அடைத்துக்கொள்ளும் இடத்துக்காக உள் அளவைச் சற்றுக் கூட்டி வெட்டினோம். பெட்டியைக் கட்டியது வண்டியின் சொந்த போல்ட் துளைகளில், எஃகுத் தகடு வைத்து. பிளாஸ்டிக் பேனலில் ஸ்குரூ அடிப்பது சாலை வண்டியிலேயே சரியில்லை. வண்டி கவிழக்கூடிய இடங்களுக்குப் போகிறவர்களின் தலைக்குப் பின்னால் அவ்வளவு கனமான பெட்டி அவிழ்ந்து பறக்கக் கூடாது. இதில் சிக்கனம் பார்க்க இடமே இல்லை.

ஒயர் 10 சதுர மில்லிமீட்டர் சுத்தச் செம்பு. ஸ்பீக்கர் தாங்கும் 250 வாட் மட்டும் வெளியே போக, ஆம்ப்பின் திறன் 80 சதவீதம் என்று வைத்தால் உள்ளே வருவது சுமார் 23 ஆம்பியர். 5 மீட்டர் நீளத்துக்கு அந்த ஒயரில் இழப்பு 0.2 வோல்ட் அளவுதான். 40 ஆம்பியர் ஃபியூஸைப் பேட்டரியில் இருந்து 45 சென்டிமீட்டருக்குள் வைத்தோம். ஃபியூஸ் காப்பது ஆம்ப்பை அல்ல, ஒயரை. இன்ஜின் அறைச் சுவரைக் கடக்கும் இடத்தில் ரப்பர் வளையம், பிறகு முழு வழியிலும் நெளிகுழாய் உறை. எர்த்துக்குப் பெயிண்டைச் சுரண்டி வெறும் இரும்பில் ஸ்டார் வாஷரோடு முறுக்கி, மேலே துருத் தடுப்புப் பூச்சு.

எர்த்தை நேராகப் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் கொடுத்துவிடலாமே என்று உரிமையாளர் கேட்டார். இந்த வண்டியில் அந்த முனையின் மேல் ஒரு மின்னோட்ட சென்சார் இருக்கிறது. பேட்டரிக்குள் எவ்வளவு போகிறது, வருகிறது என்று எண்ணி, அதை வைத்துத்தான் ஆல்டர்னேட்டரை வண்டி ஏற்றி இறக்குகிறது. சென்சாரைத் தாண்டி நேராக முனையில் மாட்டினால் ஆம்ப் இழுக்கும் மின்னோட்டம் வண்டியின் கணக்கில் வராது. பாடியில் கொடுத்தால் வந்துவிடும்.

சிக்னலைப் பிரிக்க, கம்பெனி கனெக்டருக்கும் ஆம்ப்புக்கும் நடுவே ஒரு இணைப்புத் துண்டு செய்தோம். மூல ஒயர் எதையும் வெட்டவில்லை. முன் இடது, முன் வலது இரண்டின் ஜோடி ஒயர்களில் இருந்தும் புதிய ஆம்ப்பின் இரட்டை ஒயர் உள்ளீட்டுக்குப் போனது. கம்பெனி ஆம்ப்பின் சப்வூஃபர் வெளியீட்டைச் சும்மா விட்டதும் அது ஸ்பீக்கர் இல்லை என்று உணர்ந்து பிழைக் குறியீடு பதிந்தது. 47 ஓம், 10 வாட் மின்தடை ஒன்றை அந்த வெளியீட்டில் மாட்டி, உலோகத்தில் பதித்தோம். குறியீடு மீண்டும் வரவில்லை.

ஆம்ப்பை எழுப்ப, கம்பெனி ஆம்ப்புக்கு வரும் ‘ஆன்’ ஒயரில் இருந்து ஒரு ரிலே (சின்ன மின்னோட்டத்தால் இயங்கும் சுவிட்ச்). மெல்லிய ஒயர் அது, அதன்மேல் சுமை ஏற்றக் கூடாது, சின்ன ரிலே போதும். ரிலே காயிலின் குறுக்கே, அது அணையும்போது எழும் மின்துடிப்பைத் தடுக்க, ஒரு டயோடு. வண்டியைப் பூட்டிவிட்டுக் காத்திருந்து, எல்லாம் உறங்கிய பிறகு பேட்டரியில் இருந்து வெளியேறும் மின்னோட்டத்தை அளந்தோம். 50 மில்லிஆம்பியருக்குக் கீழே நின்றது. காட்டில் இரவு தங்கும் வண்டிக்கு இந்த அளவீட்டைத் தவிர்க்கவே கூடாது.

பிறகு கெயின், அதாவது வரும் சிக்னலை ஆம்ப் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்ற அமைப்பு. 2 ஓமில் 250 வாட் என்றால் 22 வோல்ட்டுக்குச் சற்று மேல். ஹெட் யூனிட்டை முக்கால் வால்யூமில் வைத்து, 50 ஹெர்ட்ஸ் தொனி கொடுத்து, ஆஸிலோஸ்கோப்பில் அலையின் தலை தட்டையாகாமல் அந்த அளவுக்கு மட்டும் திருகினோம். தலை தட்டையானால் அது கிளிப்பிங். அப்போது வாய்ஸ் காயிலுக்குப் போகும் சராசரி வாட் ஏறி, அது கருகலாம். கெயின் குமிழை வால்யூம் குமிழாக நினைத்துக் கடைசி வரை திருகிவிடுபவர்கள் பலர்.

மைக் வைத்து முதலில் அளந்தபோது 80 ஹெர்ட்ஸைச் சுற்றி ஒரு பள்ளம். கதவு ஸ்பீக்கர்களும் சப்வூஃபரும் தனித்தனியாக நன்றாக இருக்கின்றன, சேர்ந்தால் பள்ளம். கம்பெனி பிராசசர் கதவுகளின் சிக்னலைச் சில மில்லிவினாடிகள் தாமதித்து அனுப்புகிறது. நாம் அதற்கு முன்பே எடுத்துவிட்டதால் சப்வூஃபர் முந்திக்கொள்கிறது. 80 ஹெர்ட்ஸில் ஒரு முழு அலை 12.5 மில்லிவினாடி. அதில் பாதி தூரம் முந்தினால் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். ஆம்ப்பில் அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் சுவிட்சை மாற்றியதும் பள்ளம் நிரம்பியது.

தொடர்ந்து நடந்தவை

கூரை மூடிய நிலையில் பலன் தெளிவாக இருந்தது. வால்யூமைக் கூட்டினால் பேஸும் கூடவே வந்தது. நெடுஞ்சாலையில் டயர் உறுமலுக்கு மேலே பேஸ் கிட்டார் தனியாகக் கேட்டது. உரிமையாளர் முதலில் கவனித்தது சத்தத்தை அல்ல, வால்யூமை முன்பு போல அவ்வளவு ஏற்றத் தேவைப்படவில்லை என்பதை.

கூரையைக் கழற்றியதும் கதை மாறியது. மூடிய கேபின் தாழ்ந்த ஒலியைத் தானாகவே தூக்கிக் கொடுக்கும். அலையின் பாதி நீளம் கேபினின் நீளத்தை விடப் பெரிதாகும்போது, உள்ளே இருக்கும் காற்று முழுவதையும் ஸ்பீக்கர் ஒன்றாக அழுத்துகிறது. 2.7 மீட்டர் கேபினில் இது சுமார் 63 ஹெர்ட்ஸில் தொடங்கி, கீழே போகப் போகக் கூடும். கூரை இல்லாவிட்டால் அழுத்துவதற்குப் பெட்டியே இல்லை. இந்த வண்டியில் 40 ஹெர்ட்ஸில் சுமார் 9 டெசிபெல் போனது. அதை ஈடுகட்ட எட்டு மடங்கு வாட் வேண்டும், ஸ்பீக்கர் தாங்காது. எனவே 40-ஐ மீட்க முயலவில்லை. டாஷ்போர்டில் வைத்த பேஸ் குமிழில், கூரை இல்லாத நாட்களுக்கு 3 டெசிபெல் கூடுதலாக ஒரு குறி போட்டுக் கொடுத்தோம். 60 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை நிறைந்தால் காதுக்குப் போதுமான கனம் கிடைக்கிறது. திறந்த வண்டியில் அதற்குக் கீழே எதிர்பார்க்க வேண்டாம் என்று நேராகச் சொன்னோம். அவரும் ஏற்றுக்கொண்டார்.

முதல் பாறைத் தடப் பயணத்தில் பேஸ் விட்டு விட்டு வந்தது. ஆம்ப்பின் பவர் முனையில் ஸ்குரூ தளர்ந்திருந்தது. மெல்லிய இழைகள் கொண்ட ஒயரை ஸ்குரூ நேராக அழுத்தும்போது, குலுங்கக் குலுங்க இழைகள் பரவி இடம் விடும். இழைகளைச் செம்பு உறைக்குள் இட்டு நசுக்கி மீண்டும் முறுக்கியதும், முனையில் இருந்து ஒரு சாண் தள்ளி ஒயரைக் கிளாம்ப்பில் பிடித்ததும் பிரச்சினை திரும்பவில்லை. ஒயரின் எடை முழுவதும் முனையில் தொங்கக் கூடாது.

இன்னொரு பயணத்தில் வின்ச் இழுக்கும்போது ஆம்ப் அணைந்து, பிறகு ‘டப்’ என்று பெரிய சத்தத்தோடு திரும்பியது. முழு இழுவையில் வின்ச் 400 ஆம்பியருக்கும் மேல் வாங்கும். ஆல்டர்னேட்டர் அதற்கு ஈடு கொடுக்க முடியாது, பேட்டரி மின்னழுத்தம் சரியும், ஆம்ப் தன் பாதுகாப்புக்காக அணையும். ஆம்ப் செய்தது சரி. ஆனால் அந்த இடிச் சத்தம் ஸ்பீக்கருக்கும் நல்லதல்ல, கயிற்றுக்குப் பக்கத்தில் நிற்பவர் திடுக்கிட்டால் அது இன்னும் மோசம். ரிலேயின் காயில் ஒயரில் ஒரு சுவிட்சைச் சேர்த்து டாஷ்போர்டில் வைத்தோம். வின்ச் ரிமோட்டை எடுக்கும் முன் அதை அணைப்பது இப்போது அவருக்குப் பழக்கம்.

ஓடைகளைக் கடந்து, உள்ளே ஹோஸ் பிடித்துக் கழுவி, அடுத்த மழைக்காலம் முடிந்த பிறகு பெட்டியைத் திறந்து பார்த்தோம். உள்ளே ஈரம் இல்லை. எர்த் போல்ட்டில் துரு இல்லை. பின் கதவின் பிளாஸ்டிக் பேனல் மட்டும் 55 ஹெர்ட்ஸில் நடுங்கியது, அதன் பின்னால் ஒட்டும் அதிர்வுத் தடுப்புத் தாளைப் போட்டு நிறுத்தினோம்.

அடுத்த வண்டியில் மாற்றவிருப்பவை

வின்ச் உள்ள எந்த வண்டியிலும் ஆம்ப்பை அணைக்கும் சுவிட்ச் முதல் நாளே இருக்கும். ஸ்குரூ முனைகளில் நசுக்கிய உறை இல்லாமல் எந்த ஒயரும் போகாது. வண்டியை ஒப்படைக்கும் முன் கரடுமுரடான மண் பாதையில் ஓட்டி, எல்லா முனைகளையும் ஒருமுறை மறுபடி முறுக்கிப் பார்ப்போம்.

ஃபேஸ் சுவிட்ச் இந்த முறை பள்ளத்தை நிரப்பியது, தாமதம் பாதி அலைக்கு அருகில் இருந்ததால். கால் அலை அளவில் இருந்திருந்தால் சுவிட்சின் இரண்டு பக்கமும் அரைகுறைதான். தாமதத்தைத் தனியாக அமைக்கக்கூடிய சிறிய பிராசசர் ஒன்றுக்கு இடமும் ஒயரும் தொடக்கத்திலேயே ஒதுக்கி வைப்பது நல்லது. அது இருந்தால் கூரை உள்ள நாளுக்கும் இல்லாத நாளுக்கும் இரண்டு தனித்தனி அமைப்புகளைச் சேமித்துக்கொள்ளலாம், குமிழில் குறி போடத் தேவையில்லை. இந்த உரிமையாளருக்கும் அதைச் சொல்லியிருக்கிறோம். பெட்டிக்குப் பக்கத்தில் அதற்கான ஒயர் இப்போதே சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது.